எலும்பு முறிவு: ஆம்

அந்தமானில் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு எங்கள் சபையார் இன்னும் என்னிடம் வருகிறார்கள். ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்கிறேன். கண்ணாடி அடித்தளம் போட்ட படகு, சுண்ணாம்புக் குகை, அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு, சாயங்காலம் பழைய சிறைச்சாலையில் ஒளியும் ஒலியுமாக ஒரு காட்சி, தலையில் பெரிய கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு கடலின் தரையில் நடப்பது. எதற்கு அனுமதிச் சீட்டு, எதற்கு ஆதார் நகல் மட்டும் போதும், எந்தக் கப்பலுக்கு எவ்வளவு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடல் நடைக்கு நேராக மட்டும் ‘நாங்கள் போகவில்லை, விசாரித்துக்கொள்ளவும்’ என்று எழுதி நிறுத்திவிடுவேன்.

‘நாங்கள்’ என்று எழுதுவது சரியில்லை. என் மனைவி போக நினைத்தாள். போகாமல் செய்தவன் நான்.

சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். விதி எண் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன், உட்பிரிவோடு. இது பெருமைக்குரிய திறமை இல்லை என்பது ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருக்கும்போதுதான் தெரிகிறது. எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவரிடம் நான் ஒப்புகைச் சீட்டு கேட்டு நிற்பதைப் பார்த்து மனைவி உள்ளே போய்விடுவாள். ஆனால் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் தீவுக்குப் போகிறோம் என்று முடிவானபோது, பயணத்துக்குப் பொறுப்பாளராக என்னைத்தான் போட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை நகல் மூன்று. சென்னை விமான நிலையத்தில் ஒருவருடைய நகலையும் யாரும் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. வருடா வருடம் பவளப்பாறைப் பாடம் நடத்துவாள். கரும்பலகையில் கலர் சாக்பீசில் வரைவாள். வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, டீச்சர் நீங்க பார்த்திருக்கீங்களா என்று கேட்குமாம். இல்லை, லீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்பாளாம். இதை அவள் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை, சிரிப்பாகத்தான் சொல்லியிருக்கிறாள். அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டாள். பயணத் திட்டத்தில் கடல் நடை இருப்பதைப் பார்த்த அன்று அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். தலகோனா அருவிக்குச் சபைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாலும், எல்லாருடைய துண்டையும் வாங்கிக்கொண்டு பாறைமேல் நிற்கிற ஆள் நான். யாராவது துண்டு காக்க வேண்டாமா என்பேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு மூச்சு நின்றுவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்.

பயணம் போன வருடம் ஜனவரியில். அதற்கு முந்தின ஐப்பசி மழையில் ஆலயப் படியில் வழுக்கி விழுந்து மனைவிக்கு இடது முன்கை எலும்பு முறிந்தது. எங்கள் பக்கத்தில் கை உடைந்தால் யாரும் யோசிப்பதில்லை, எலும்புக்கு நாட்டுக் கட்டு போடும் புத்தூருக்கு நேரே போய்விடுவோம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். மூன்று கட்டு. டிசம்பரில் கட்டு பிரித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அந்தக் கையாலேயே மாவு பிசைந்து கல்கல் சுட்டு, ஒரு தூக்கு நிறைய எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கும் அனுப்பினாள். கை சரியாகிவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

பெரிய தீவிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம் போனால் வரும் சின்னத் தீவு. காலை வேளை. மணல் வெள்ளையாக, கண் கூசும்படி இருந்தது. தென்னை ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, கொடியில் ஈர உடைகள். தூரத்தில் கடலில் ஒரு மிதவை. அங்கே படகில் போய், ஏணியில் இறங்க வேண்டும். கடல் நடையை நடத்துகிறவள் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். அவள் தாத்தா காலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பம். பேச்சில் இந்தி வாடை அடித்தது. ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். ஆங்கிலத்தில் இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

“படிச்சுட்டுப் போடுங்க அங்கிள். ஒரே ஒரு ஆம் இருந்தாலும் டாக்டர் லெட்டர் இல்லாம நான் இறக்க மாட்டேன்,” என்றாள்.

எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார். பக்கத்துத் தெரு, முப்பது வருடப் பழக்கம். அவர் ஒரு கேள்வியையும் படிக்காமல் ‘இல்லை’ கட்டத்தில் மேலிருந்து கீழே வரிசையாகக் கோடு இழுத்துவிட்டார். “இன்னா சூப்ரெண்டு, இன்னும் முதல் கேள்வியிலயே நின்னுகினு இருக்கே? கடலுக்கடியில ஃபைல் கெடைக்காது, தெரியுமில்ல?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

வயது வரம்பு இருந்தால் கௌரவமாகத் தப்பித்திருக்கலாம். அறுபத்தைந்து என்று போட்டிருந்தது. எனக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. நான்காவது கேள்வி இரத்த அழுத்தம். பதினோரு வருடமாகக் காலையில் மாத்திரை போடுகிறேன். அங்கே ‘ஆம்’ என்று போட்டிருந்தால் போதும். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். எனக்கு அது தெரியும். ஆனால் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே காட்சிதான்: மனைவி ஏணியில் இறங்குகிறாள், வங்கி மேலாளர் இறங்குகிறார், நான் மட்டும் பன்னிரண்டு பேருடைய செருப்புக்கும் பைக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிவத்தில் நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டேன்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். “என்னுதையும் நீங்களே எழுதிடுங்க, கையெழுத்து எங்கன்னு காட்டுங்க,” என்றாள். வங்கிக் கணக்கு, வீட்டு வரி, ஓய்வூதியம், எதுவானாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் நீட்டுவேன், அவள் போடுவாள்.

பதினான்காவது கேள்வி: கடந்த இரண்டு வருடத்தில் எலும்பு முறிவு ஏற்பட்டதா? நான் ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தில் ‘இடது முன்கை’ என்று விவரமும் எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டாள்.

எழுதியது உண்மைதான். விதிப்படி அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. ஒருவரை எப்படி நிறுத்துவது என்று தெரிந்த எந்த அலுவலகத்துக்காரனும் பொய் எழுத மாட்டான். ஆதாரம் காட்ட முடியாத ஓர் உண்மையைத் தேடி எடுத்து எழுதினால் போதும். புத்தூரில் சீட்டு தருவதில்லை. மருத்துவமனை ஏட்டில் அந்தக் கை உடையவே இல்லை. உடையாத கை ஆறிவிட்டது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? இவ்வளவும் அந்தக் கட்டத்துக்கு மேல் பேனாவைப் பிடித்திருந்த அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. தோன்றிய பிறகுதான் டிக் போட்டேன்.

அந்தப் பெண் படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள். “ஆன்ட்டி, கை உடஞ்சிருந்துதா?”

“ஆமாம்மா. இப்ப நல்லாயிடுச்சி, பாரு.” மனைவி கையைத் தலைக்கு மேல் தூக்கி, மடக்கி, நீட்டிக் காட்டினாள்.

டாக்டர் கடிதம் உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். புத்தூர்க் கட்டு என்றாள் மனைவி. அது என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. எங்கள் கூட்டமே சேர்ந்து விளக்கியது. விளக்க விளக்க அவள் முகத்தில் கவலை கூடியது. ஏணியைக் கையால் பிடித்துத்தான் இறங்க வேண்டும், அலை இழுக்கும், காகிதம் இல்லாமல் முடியாது ஆன்ட்டி, மன்னிச்சிடுங்க என்றாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்போது வங்கி மேலாளர் ஒரு வழி சொன்னார். தீவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆட்டோவில் பத்து நிமிடம், ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் தீர்ந்தது, திரும்புகிற கப்பலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறதே என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். அவள் மட்டுமல்ல, எல்லாருமே என்னைத்தான் பார்த்தார்கள். நடைமுறை தெரிந்தவன் நான்தானே.

“நடக்காது,” என்றேன். “முதல்ல கட்டுன எடத்து ரெக்கார்டு இல்லாம எந்த அரசு டாக்டரும் தகுதிச் சான்று தரமாட்டான். விதி அப்படி.”

அப்படி ஒரு விதி இல்லை. இருபது தடவையாவது என் அலுவலக ஊழியர்களுக்கு அப்படிப்பட்ட சான்று நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் கையை அசைத்துப் பார்ப்பார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிப்பார், எழுதுவார். டிக் போட்டதை யாராவது தடுமாற்றம் என்று சொல்லி மன்னிக்கலாம். இது பொய். என் வாழ்நாளில் விதியைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய், நான் சொன்னதாலேயே எல்லாரும் நம்பியது.

“செரி, நீங்களாவது போய்ட்டு வாங்க,” என்றாள் மனைவி.

இதை நான் எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்தேன். “நீ இல்லாம நான் மட்டுமா? வேண்டாம். ஒக்காந்துகினு இருக்கலாம் வா,” என்றேன்.

சபைப் பெண்கள் உருகிப்போனார்கள். ஸ்தோத்திரம் என்று ஒரு அம்மாள் சத்தமாகவே சொன்னார். மனைவி என் முழங்கைமேல் அந்த இடது கையை வைத்தாள்.

மற்ற பத்துப் பேரும் போனார்கள். நாங்கள் பெஞ்சில் செருப்புகளுக்கும் பைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டாள்: என்ன நிறம், எவ்வளவு பெரிசு, தொட விட்டார்களா. வங்கி மேலாளரின் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே, பூச்செடி மாதிரி இருந்தது, அசைந்து அசைந்து ஆடியது என்றார். “அது செடி இல்லக்கா. உயிரு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிப் பிராணி, சுத்தி வீடு கட்டிக்கும்,” என்று மனைவி சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மாள், அப்படியா, எனக்குத் தெரியாதே, நான் செடின்னு நெனச்சிகினு பாத்துட்டு வந்துட்டேனே என்றார். பார்த்தவருக்குப் பார்க்காதவள் பாடம் நடத்துவதை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலை காலடியில் வந்து வந்து போனது. அப்போதும் நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் அவளைச் சமாதானப்படுத்தக் கண்ணாடிப் படகுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி கீறல் விழுந்து மங்கியிருந்தது. பழுப்பாக ஏதோ தெரிந்து மறைந்தது. கரைக்கு வந்ததும் சொன்னாள்: “என் கையால உங்களுக்கும் கெட்டுப்போச்சி. மனசுல வச்சிக்காதீங்க.”

பரவாயில்லை என்று நான் அவளை மன்னித்தேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் ஞாயிறு ஐயர் பிரசங்கத்தில் இதை எடுத்தார். வங்கி மேலாளர் சொல்லியிருக்க வேண்டும். புருஷர்களே உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள் என்ற வேத வசனத்துக்கு விளக்கமாக, கடலுக்குள் இறங்க எல்லாத் தகுதியும் இருந்தும் மனைவிக்காகக் கரையிலேயே இருந்த நம் சகோதரர் என்றார். பெயர் சொல்லவில்லை, எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாத் தகுதியும் என்று அவர் சொன்னபோது காலையில் போட்ட இரத்த அழுத்த மாத்திரையின் கசப்பு இன்னும் நாக்கில் இருந்த மாதிரி இருந்தது.

இத்தனையும் என்னால் சமாளிக்க முடிந்தது. மனிதன் எதையும் சமாளிப்பான். சமாளிக்க முடியாமல் போனது அவள் கை.

தீவுக்குப் போகும்வரை அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. வந்த பிறகு அதை அவள் நம்பவில்லை. தண்ணீர்க் குடத்தை வலக்கைக்கு மாற்றினாள். பேருந்தில் கம்பியைப் பிடிக்க யோசித்தாள். ஆலயத்தில் பதினைந்து வருடமாக அவள்தான் கீபோர்டு வாசிப்பாள். ஈஸ்டருக்கு முன்னால், விரல் முன்ன மாதிரி இல்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்று பாடகர் குழுவிடம் சொல்லிவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன். வலியில்லை, ஆனால் முழுசாக ஆறவில்லை போலிருக்கிறது, இல்லாவிட்டால் அங்கே நிறுத்தியிருக்க மாட்டார்களே என்றாள். நான் போட்ட ஒரு டிக் அவள் கைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

மே மாதம், மறுபடி கட்டு போட வேண்டுமா என்று கேட்டுவிடலாம் என்று அவளே புத்தூருக்குக் கிளம்பினாள். நானும் போனேன். கட்டுகிறவர் கையை இப்படியும் அப்படியும் திருப்பினார், அழுத்தினார், முறுக்கினார். பிறகு பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சத்தம் போட்டார்.

“ஏம்மா, ஈ செய்யிக்கி ஏமி, இந்தக் கைக்கு இன்னா? நல்ல கைக்குக் கட்டு கேட்டுகினு வந்தவ நீதான். எவன் சொன்னான் சரியில்லைன்னு?”

மனைவி முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். “யாரும் சொல்லலைங்க. ஒரு எடத்துல பேப்பர் கேட்டாங்க,” என்றாள்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். கார்வேட்டிநகரம் தாண்டியதும் சொன்னேன். ஒரு கோப்புக் குறிப்பு மாதிரி வரிசையாகத்தான் எனக்குச் சொல்ல வந்தது. முதலில் பயம், பிறகு டிக், பிறகு ஆஸ்பத்திரி விஷயம். மாந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன, காய் பழுக்கிற காலம். அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். 

“உங்க பிபிக்கு இன்னா போட்டீங்க?” என்றாள்.

“இல்லைன்னு.”

“உங்க பிபிக்கு இல்ல. என் கைக்கு ஆமா.” சொல்லிவிட்டு அந்தக் கையை மடியிலிருந்து எடுத்து, யாருடைய பொருளோ மாதிரி பார்த்தாள். “பயமாருக்குதுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். ஒரு நாள் சிரிச்சிருப்பேன். அதுக்குமேல இன்னா?”

நான் மன்னிப்புக் கேட்டேன்.  இறங்கும்போது முன்னால் போனாள், இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. கீபோர்டுக்குத் திரும்பினாள். சித்தூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் தனியாகவே போய் எக்ஸ்ரே எடுத்து, ஒரு சான்றும் வாங்கிவந்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். பதினைந்து நிமிடம் என்றாள். ஐயர் சொன்ன பிரசங்கத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினாள்: நான் போய்ச் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது நீங்கள் என்று. நான் இன்னும் சொல்லவில்லை. ஐயரைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பேச்சு வந்துவிடுகிறது. இதை எழுதுவது அதற்கு ஈடாகாது என்றும் தெரியும். ஐயர் இதைப் படிக்கப் போவதில்லை.

இந்த ஜனவரியில் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஆறு பேர் தீவுக்குப் போகிறார்கள். அவளும் போகிறாள். வருகிறீர்களா என்று அவளும் கேட்கவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. படிவத்தை முன்கூட்டியே வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இருபது கேள்வியையும் விரல் வைத்துப் படித்து அவளே நிரப்பினாள். எலும்பு முறிவுக்கு ‘ஆம்’ என்றுதான் போட்டிருந்தாள். சான்றைக் கூடவே பின் அடித்திருந்தாள். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: ரெண்டு காப்பி எடுத்துகினு வாங்க.

ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். நின்ற நேரத்தில் படிவத்தைப் படித்தேன், பழக்கம். தேதி சரி, கையெழுத்து சரி, ஒரு கட்டமும் காலியாக இல்லை. கடைசியில், அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஓர் இடம் உண்டு. அதில் வழக்கமாகக் கணவன் பெயர்தான் வரும். அரக்கோணத்தில் இருக்கும் அவள் தம்பியின் பெயரும் நம்பரும் இருந்தன. உறவு முறை என்ற இடத்தில் ‘சகோதரர்’ என்று தெளிவான ஆசிரியைக் கையெழுத்து.

இது செல்லுமா என்று விதியை யோசித்துப் பார்த்தேன். செல்லும். நம்பத் தகுந்த எவர் பெயரையும் கொடுக்கலாம்.

என் முறை வந்தது. எத்தனை காப்பி சார் என்றார் கடைக்காரர். ரெண்டு என்றேன்.